மூன்றாம் நம்பர் டின்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடை. மாலை ஆறு மணி. செல்வா கையில், தேநீர் கலக்குகிற 'கிரீமர்' டின் ஒன்று.)

அக்கா: அதைக் கீழே வை, தம்பி.

செல்வா: ஏன் அக்கா, விலை ஏறிவிட்டதா?

அக்கா: யாருக்கு?

செல்வா: பிள்ளைக்கு. போன வாரம் ஒரு வயது முடிந்தது. இனி பால் மாவை நிறுத்திவிட்டு 'ஃபுல் கிரீம்' பால் கொடுக்கலாம் என்று கிளினிக் தாதி, அந்த மிஸி, சொன்னாராம். வீட்டுக்காரி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். இதிலேயே போட்டிருக்கிறதே, 'கிரீமர்' என்று. கிரீம், கிரீமர். ஒரே குடும்பம்தானே?

அக்கா: பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது, படி.

செல்வா: எழுத்து ரொம்பப் பொடி. கூலா... மிஞ்ஞாக் சாவிட்...

அக்கா: அப்படியென்றால்?

செல்வா: சீனி. செம்பனை எண்ணெய்.

அக்கா: நீ என்ன வேலை பார்க்கிறாய்?

செல்வா: தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். தெரியாத மாதிரி கேட்கிறீர்களே!

அக்கா: காலையில் நீ வெட்டிப் போட்ட குலை மில்லுக்குப் போய், எண்ணெயாகி, சீனியோடு சேர்ந்து டின்னுக்குள் புகுந்து, மேலே மாட்டுப் படத்தை ஒட்டிக்கொண்டு என் கடைக்கே திரும்பி வந்திருக்கிறது. அதைப் பால் என்று உன் பிள்ளைக்கே ஊற்றப் போகிறாய்.

செல்வா: நாங்கள் எல்லாம் இதைக் குடித்துத்தானே வளர்ந்தோம்?

அக்கா: வாயைத் திற. கடைவாய்ப் பல் எங்கே?

செல்வா: ...பிடுங்கியாகிவிட்டது.

(அக்கா கூட்டிச் சொல்லவில்லை. தே கலக்குகிற டின்னை வெந்நீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், "பிள்ளை விரும்பிக் குடிக்கிறது" என்பார்கள். அவ்வளவு சீனி போட்டால் நானும்தான் விரும்பிக் குடிப்பேன்.)

செல்வா: இத்தனை நாளாகக் கொடுத்த பால் மாவிலும் செம்பனை எண்ணெய் இருக்கிறதாமே?

அக்கா: பல மாவில் இருக்கிறது. ஆனால் அது அளந்து போட்டது, கூடவே இரும்புச் சத்து, வைட்டமின் எல்லாம் சேர்த்தது. இது தே கடைக்குச் செய்தது. உன் பிள்ளை என்ன, தே தாரேக் ஆற்றவா போகிறது?

செல்வா: சரி, அப்படியானால் அந்த அலமாரிப் பூட்டைத் திறங்கள். மூன்றாம் நம்பர் பால் மாவு டின் ஒன்று கொடுங்கள்.

அக்கா: அது எதற்கு?

செல்வா: ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது. அடுத்தது மூன்றுதானே? நடுவில் தாண்டினால் பிள்ளை தாங்குமா?

அக்கா: ஏன், மூன்றாம் வகுப்பில் இடம் கிடைக்காதா?

செல்வா: விளையாடாதீர்கள் அக்கா. மூளை வளர்ச்சிக்கு என்று டின்னிலேயே போட்டிருக்கிறது. டி.எச்.ஏ. என்கிற கொழுப்புச் சத்து இருக்கிறது.

அக்கா: கெம்போங் மீனிலும் இருக்கிறது. முள் பார்த்து எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடு. ஆறாம் வகுப்பு யு.பி.எஸ்.ஆர். பரீட்சையையே 2021-இல் எடுத்துவிட்டார்கள், பால் டின்காரன் மட்டும் இன்னும் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறான்.

செல்வா: அப்படியானால் மூன்றாம் நம்பர் இல்லாமலே...

அக்கா: நேரே பல்கலைக்கழகம்.

(பிறந்த குழந்தைக்கான பால் மாவை விளம்பரம் செய்யக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1981-இலேயே நெறிமுறை கொண்டுவந்தது. முதல் டின்னை விளம்பரத்தில் காட்ட முடியாவிட்டால் என்ன? அதே நிறம், அதே எழுத்து, ஓரத்தில் 3 என்று போட்டுக் காட்டினால் மொத்தக் குடும்பமும் கண்ணில் பட்டுவிடும். ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கிற இந்த அடுத்தடுத்த மாவுகள் தேவையே இல்லை என்று அதே நிறுவனம் 2013-இல் சொன்னது. சொன்னது கடை அலமாரி வரைக்கும் வந்து சேரவில்லை.)

அக்கா: என் கடையில் பூட்டுப் போட்டு வைத்திருப்பது இரண்டு சாமான். ஒன்று சிகரெட், இன்னொன்று இந்த டின். சிகரெட்டைத் திருடுகிறவனைப் பிடித்தால் திட்ட முடிகிறது. டின்னைத் திருடுகிற பெண்ணைப் பிடித்தால் என்ன சொல்வது? தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960-இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்த அமைச்சர் சம்பந்தன் பிறந்த ஊர் இது. இன்றைக்கு என் 555 கடன் புத்தகத்தைப் புரட்டிப் பார். பாதிக் கடன் பால் டின் கடன்.

செல்வா: என் பேரும் இருக்கிறதா?

அக்கா: மூன்று பக்கத்துக்கு.

செல்வா: ...மூன்றாம் நம்பர் இல்லாமலே மூன்று பக்கமா?

அக்கா: போய்க் குளிர்பெட்டியைத் திற. பால் எடு.

செல்வா: இது நல்லதா? லோ ஃபேட்.

அக்கா: அது எனக்கு. இரண்டு வயது வரைக்கும் பிள்ளைக்குக் கொழுப்பு வேண்டும், தம்பி.

செல்வா: கொழுப்புதானே? என் மச்சானிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது.

அக்கா: அந்த நீலப் பெட்டியை எடு. சீனி போடாதது, சாக்லேட் போடாதது. பால்காரரிடம் கறந்த பால் வாங்கினாலும் சரிதான், ஆனால் பொங்கக் காய்ச்சாமல் கொடுக்கக் கூடாது.

செல்வா: என் மாமியார் எட்டு மாதத்திலேயே மாட்டுப் பால் கொடுக்கச் சொன்னார்.

அக்கா: கொடுத்தாயா?

செல்வா: மிஸி ஏசினார். ஒரு வயதுக்கு முன்னால் பிள்ளையின் சிறுநீரகத்துக்கு அது சுமையாம், குடலில் லேசாக ரத்தம்கூடக் கசியுமாம், இரும்புச் சத்தும் போதாதாம்.

அக்கா: இவ்வளவும் தெரிந்துகொண்டு கிரீமர் டின்னைத் தூக்கினாயே!

செல்வா: அது பால் இல்லையே அக்கா. அதற்கு மிஸி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா: (சிறிது நேரம் பேசவில்லை.) வீட்டில் இரண்டாம் நம்பர் டின் மிச்சம் இருக்கிறதா?

செல்வா: பாதி இருக்கிறது. அதையும் வீணாக்க மாட்டேன். இந்தப் பாலைக் காய்ச்சி, அதிலே ரெண்டு கரண்டி மாவைப் போட்டுவிட்டால் சத்துக்குச் சத்து!

அக்கா: ஐயோ! மாவைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டின்னில் போட்ட அளவுக்கு. பாலில் கொட்டினால் கெட்டியாகி அந்தச் சின்னச் சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும்? மாவைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, நான்கு பங்கில் ஒரு பங்கு இந்தப் பாலை ஊற்று. ரெண்டு மூன்று நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. அப்புறம் முழுக்கப் பால்.

செல்வா: கலந்துதான் ஆக வேண்டுமா?

அக்கா: கட்டாயமில்லை. ருசி மாறினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளைக்கு அது ஒரு வழி. ஒரு நாளைக்கு இரண்டு கப், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் ஊற்றினால் பால் குடித்தே வயிறு நிறைந்து சோறு இறங்காது, ரத்தச் சோகை வந்து நிற்கும். முட்டை கொடு, கீரை கொடு. இந்தா, இந்தக் கப்பையும் எடுத்துக்கொள். ஒன்றரை வயதுக்குள் புட்டியை ஒளித்து வைத்துவிடு.

செல்வா: கப்புக்கு எத்தனை வெள்ளி?

அக்கா: பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தாயே, பலூன் வளைவுக்கு எத்தனை வெள்ளி?

செல்வா: ...கப்பைப் போடுங்கள்.

அக்கா: ஒரு வயதுப் பிள்ளைக்கு மூன்று அடுக்கு கேக். அன்றைக்கு அது என்ன சாப்பிட்டது?

செல்வா: மெழுகுவர்த்தியைக் கடித்தது. அக்கா, இன்னொன்று. அன்றைக்கு மச்சான் நாலாம் நம்பர் டின் ஒன்று பரிசாகக் கொடுத்தார். பெரிய டின். "மருமகன் முன்கூட்டியே தயாராகட்டும்" என்றார். அதை என்ன செய்வது?

அக்கா: உன் மச்சான் பள்ளி இறுதிப் பரீட்சை, எஸ்.பி.எம்., எழுதினாரா?

செல்வா: எழுதினார். கணக்கில் போய்விட்டது.

அக்கா: அப்படியானால் அவரையே குடிக்கச் சொல். திரும்ப எழுதட்டும்.