உட்கார முடியாது என்றால் உட்கார முடியாது

நிச்சயதார்த்த போட்டோவுக்குக் கீழே வந்த கமெண்ட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "மேடம் நம்ம கூட உட்கார மாட்டாங்க, பெரிய இடம்." 42 பேர் சிரித்து வைத்திருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். நின்றுகொண்டேதான் எண்ணினேன்.

பந்தியில் நான் நின்றது திமிரால் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். என்னால் உட்கார முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

எங்கே வலி என்று சொன்னால்தான் நம்புவீர்களா? சரி. பெண்ணுறுப்பில். தொற்று இல்லை, புண் இல்லை, கட்டி இல்லை. நரம்பு வலி. உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனால் மிளகாய் அரைத்த கை பட்ட மாதிரி எரியும். அப்புறம் ஊசி குத்தும். எழுந்து நின்றால் மெதுவாக அடங்கும். அதனால் நிற்கிறேன்.

நாலு வருடமாக ஊரில் மூலம் என்றுதான் சொல்லி வந்தேன். மூலம் கௌரவமான வியாதி, ஆம்பிளைகளுக்கும் வரும். சொன்ன மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா துத்திக்கீரையோடு வந்து நின்றார். பெரியப்பா சந்தைக்குப் போனால் கருணைக்கிழங்கு இல்லாமல் திரும்ப மாட்டார். மூன்று மாதம் மசித்து மசித்துத் தின்றேன். இல்லாத மூலம் பூரணமாகக் குணமாகிவிட்டது. கேலி செய்யவில்லை, அந்த அன்பு உண்மை. ஆனால் அது நான் சொன்ன பொய்க்குக் கிடைத்த அன்பு. உண்மையைச் சொல்லியிருந்தால் கீரை வந்திருக்குமா?

"ஒழுங்கா டாக்டரைப் பார்த்திருக்கலாமே" என்பீர்கள். பார்த்தேன். பூஞ்சைத் தொற்று என்று க்ளோட்ரிமசோல் ட்யூப். போகும்போதெல்லாம் அதே ட்யூப். டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தபோது, "இன்னொரு குழந்தை பெத்துக்கோம்மா, சரியாயிடும்" என்று ஒருவர். கடைசியில் கோயம்புத்தூர் போனேன். கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், எல்லா வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கண்டக்டர் பாவம், "சீட்டு காலியா இருக்கேக்கா" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கோயம்புத்தூரில் பார்த்த டாக்டரம்மா பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். பஞ்சுதான். ஒரு இடத்தில் நான் படுக்கை விரிப்பைக் கடித்துவிட்டேன். அப்புறம் கேட்டார்: "டாய்லெட் சீட்ல உட்கார்ந்தா எப்படி இருக்கு?" அதில் அவ்வளவு வலிக்காது! என் வீட்டில் எனக்கு ஒத்துப்போகிற ஒரே நாற்காலி அதுதான். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அதை வைத்தே அவருக்குப் பாதி பிடிபட்டது.

எனக்கு வலி தருகிற அந்த நரம்பின் பெயர் புடெண்டல். லத்தீனில் 'வெட்கப்பட வேண்டியது' என்ற சொல்லில் இருந்து வந்த பெயராம். நரம்புக்குப் பெயர் வைத்தவனும் நம்ம சொந்தக்காரன்தான் போல.

"எல்லாம் மனசுதான், டிப்ரஷன் மாத்திரைதானே போடுறே" என்கிறவர்களுக்கு: ராத்திரி 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின். இந்தக் குறைந்த அளவில் அது நரம்பு வலிக்குத் தருவது. யோகா சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அந்த இடத்துத் தசையை இறுக்கும் பயிற்சி வீடியோ அனுப்புகிறவர்களே, எனக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவது இறுக்க அல்ல, தளர்த்த. மார்கழிப் பனியில் நீங்களெல்லாம் தெர்மல் மாட்டிக்கொண்டு திரிகிறீர்கள். எனக்கு இறுக்கமாக எதுவும் படக்கூடாது. தொளதொளப் பாவாடை, முழங்கால் வரை சாக்ஸ், மேலே கம்பளி. "என்ன ஃபேஷன் இது?" அதையும் கேட்டாயிற்று.

"விளையாட்டுக்குத்தானே போட்டாங்க, இதைப் போய் முகநூல்ல எழுதணுமா?" இருக்கலாம். போட்டவர் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த 42 பேரில் என் தங்கையும் இருக்கிறாள். மூலம் இல்லை என்று குடும்பத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நடுவில் ஓட்டை விட்டு எனக்குக் குஷன் தைத்துக் கொடுத்தவள். ஸ்பாஞ்சை பிரெட் கத்தியால் அறுத்து, "அக்கா, உட்கார்ந்து பாரு, உட்கார்ந்து பாரு" என்று நாலு தடவை அளவு பார்த்தவள்.

காலையில் இருந்து இரண்டு தடவை போன் அடித்துவிட்டாள். நான் எடுக்கவில்லை.