பட்ட காலிலே ஏன் படுகிறது

போன் தொலைகிறது. மறுநாள் பேங்க் கணக்கு முடங்குகிறது. வாடகை போக வேண்டிய தேதியில் போகவில்லை. அலைந்து திரிந்து வீட்டுக்கு வந்தால் சாவி உள்ளே, கதவு சாத்திக் கிடக்கிறது. வெளிநாட்டில் இப்படி ஒரு வாரத்தைக் கடந்தவர்கள் ‘கெட்ட நேரம், பட்ட காலிலேயே படுது’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நேரத்தின் மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பேங்க் ஆப் இருந்தது அந்தப் போனில். ஓடிபி வருவது அந்த நம்பருக்கு. வாடகை போவது அந்தக் கணக்கிலிருந்து. உதிரிச் சாவி வைத்திருக்கும் நண்பரின் நம்பரும் அதே போனுக்குள்தான். நடந்தது ஒரே ஒரு தொல்லை, மற்றவை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சொந்த ஊரிலும்தான் போன் தொலைகிறது. அங்கே பக்கத்து வீட்டுப் போன், கைமாற்றாகக் கொஞ்சம் பணம், கூப்பிட்டால் வரும் பிளம்பர் என்று மாற்றுவழிகள் கேட்காமலே சுற்றி இருக்கும். புது நாட்டில் அவற்றை நாமே போட்டு வைத்தால்தான் உண்டு.

எல்லாம் ஒன்றாக வந்து விழுந்த நாளில் எதை முதலில் பிடிப்பது? நேரம் போகப் போகப் பெருகுவதைத்தான்: ஒழுகும் தண்ணீர், தீய்ந்த வாசனை வரும் பிளக், யார் கையிலோ மாட்டிக்கொண்ட கார்டு. அடுத்து, மற்ற வேலைகள் எதை நம்பி நிற்கின்றனவோ அதை. பெரும்பாலும் அது போன் நம்பர். பிறகு காகிதங்கள். நம்மை அதிகம் எரிச்சலூட்டுவது எதுவோ அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொலைந்த போனுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று அரை நாள் தேடுவார்கள். சிம்மை முடக்கச் சொல்லியே இருக்க மாட்டார்கள்.

சிம்முக்கு ஏன் அவ்வளவு அவசரம்? போனின் லாக்கை உடைக்க வேண்டிய அவசியமே திருடியவருக்கு இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போகும். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற பட்டனும் அந்த ஓடிபியும் சேர்ந்தால் மெயில்வரை நுழையலாம். மெயிலில் நுழைந்தவருக்கு மற்றதெல்லாம் எளிது. இதைத் தடுப்பது சிம் பின், அதாவது சிம்முக்கென்று வைக்கும் ரகசிய எண். போன் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, 4 முதல் 8 இலக்கம், போனை அணைத்துப் போடும்போதெல்லாம் கேட்கும். முதல்முறை ஆன் செய்யும்போது நிறுவனம் வைத்த பழைய பின்னைக் கேட்கும். தெரியாவிட்டால் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்காதீர்கள். 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் 8 இலக்க பியுகே எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் சிம்மோடு வந்த பிளாஸ்டிக் அட்டையில் அச்சாகியிருக்கும், பிரித்த கையோடு குப்பையில் போடுகிறோமே, அதே அட்டை. பியுகே 10 முறை தவறினால் அந்த சிம் அவ்வளவுதான்.

போன் தொலைந்ததும் வேறொருவர் போனிலோ கணினியிலோ உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கைத் திறந்து போனைத் தொலைவிலிருந்தே பூட்டுங்கள். போனில் உள்ளதை உடனே அழித்துவிடாதீர்கள். பல போன்களில் அழித்தபின் இருக்குமிடம் தெரியாது. அடுத்து போன் நிறுவனத்தைக் கூப்பிட்டு சிம்மை முடக்கி, அதே நம்பருக்கு மாற்று சிம் கேளுங்கள். பிறகு கார்டுகள். அதற்கப்புறம்தான் போலீஸ். அங்கே ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண் கேட்பார்கள். போன் கையில் இருக்கும்போதே *#06# அடித்தால் திரையில் வரும், எழுதி வைத்துவிடலாம். வாங்கிய பெட்டியிலும் ஒட்டியிருப்பார்கள்.

கணக்கைத் திறக்கும் இடத்தில்தான் முடிச்சு விழுகிறது. தொலைந்த போனைத் தேட உள்ளே போனால், தொலைந்த போனுக்கு அனுப்பிய கோட் எண்ணைக் கேட்கும்! ஆப்பிளின் ஐகிளவுட் தேடல் பக்கம் மட்டும் பாஸ்வேர்டோடு விட்டுவிடும், இரண்டாம் கோட் கேட்காது. கூகுள் கணக்குக்கு முன்கூட்டியே பேக்கப் கோட் எடுத்து வைக்கலாம். 10 கோட், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். இதைக் காகிதத்தில் அச்செடுத்து வீட்டில் வையுங்கள். ‘எல்லாம் கிளவுடில் இருக்கு’ என்பவர்களிடம் ஒரே கேள்வி: கிளவுடுக்குள் போக எந்தப் போனுக்கு கோட் வரும்?

கோட் வாங்க எஸ்எம்எஸ்ஸை விட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணை அது போனுக்குள்ளேயே கணக்கிடுகிறது, சிக்னலோ நெட்டோ வேண்டாம். போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருப்பவர்களுக்குத்தான் ‘கோட் தவறு’ என்று வரும். அமைக்கும்போது திரையில் வரும் கியூஆரைப் பழைய போன் ஒன்றிலும் அப்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே எண் ஓடும். பழையதை வீட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.

சொந்த நாட்டு நம்பரைப் பலர் மறந்தே போகிறார்கள். ரீசார்ஜ் செய்யாத ப்ரீபெய்ட் நம்பர் சில மாதங்களில் செத்து, பின்னாளில் வேறொருவருக்குப் போகும். அங்குள்ள பேங்க் அந்த நம்பரைத்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் போடுவது அலுப்பான வேலைதான். நேரில் வந்து நம்பரை மாற்றுங்கள் என்று பேங்க் சொன்னால் விமான டிக்கெட் எடுப்பது அதைவிட அலுப்பு.

கதவுக்கு வருவோம். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவில் சாவி உள்ளே மாட்டிக்கொண்டால், சாத்தினால் தானே விழும் ஸ்பிரிங் தாழ் மட்டும்தான் விழுந்திருக்கும், சாவி போட்டுப் பூட்டியிருக்காது. இப்படிப்பட்ட கதவைத் தேர்ந்த பூட்டுக்காரர் பெரும்பாலும் எதையும் உடைக்காமல் திறந்துவிடுவார். வந்தவுடனே டிரில்லை எடுப்பவர் மேல் சந்தேகப்படுங்கள். போனிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: வந்து போக எவ்வளவு, உடைக்காமல் திறக்க எவ்வளவு, சிலிண்டர் (பூட்டில் சாவி நுழையும் உருளை) மாற்ற நேர்ந்தால் எவ்வளவு. எழுத்தில் அனுப்ப மறுத்தால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். வாடகை வீடானால் அதற்கும் முன்னால் ஓனர்.

இன்னொன்று இருக்கிறது. சில சிலிண்டர்களில் உள்பக்கம் சாவி செருகியிருந்தால் வெளியிலிருந்து வேறு சாவி போட்டாலும் திரும்பாது. உதிரிச் சாவியோடு நண்பர் ஓடி வந்தும் பயனில்லாமல் போவது இதனால்தான். சாவியை உள்பக்கம் தொங்க விடும் பழக்கமுள்ளவர்கள் உள்ளே சாவி இருந்தாலும் வெளியிலிருந்து திரும்பும் சிலிண்டராகக் கேட்டு வாங்க வேண்டும். மாற்றும்போது நடு ஸ்குரூவிலிருந்து உள்பக்க நீளம், வெளிப்பக்க நீளம் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். மொத்த நீளம் மட்டும் பார்த்து வாங்கினால் ஒரு பக்கம் துருத்தி நிற்கும், திருடருக்கு அதுதான் பிடி. சாவி இறுகினால் சமையல் எண்ணெய் விடாதீர்கள். தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும், கிராஃபைட் பொடி போதும்.

கரன்ட் போனதும் முதலில் பார்க்க வேண்டியது போர்டில் எந்த சுவிட்ச் விழுந்திருக்கிறது என்பதை: கசிவுக்கு விழும் ஆர்சிடியா, லைனுக்கு ஒன்றாக உள்ள எம்சிபியா? எம்சிபி ஒன்று மட்டும் விழுந்தால் அந்த லைனில் சுமை அதிகம், அல்லது ஷார்ட். 230 வோல்ட்டில் 2000 வாட் கெட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கூடவே அதே அளவு ஹீட்டரும் ஓடினால் 16 ஆம்பியர் எம்சிபியின் அளவைத் தாண்டிவிடும். ஆர்சிடி விழுந்தால் கதை வேறு. போகும் கரன்டும் திரும்பும் கரன்டும் சமமாக இல்லை, எங்கோ கசிகிறது என்று பொருள். வீடுகளில் வழக்கமாக 30 மில்லிஆம்பியர் வித்தியாசத்துக்கே விழுந்துவிடும். எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிடியை ஏற்றி, ஒவ்வொன்றாக எம்சிபியை மேலே தள்ளுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ஒற்றைத் துருவ சுவிட்ச் ஃபேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரல் வழியான கோளாறு அப்படியே இருக்கும். பிறகு ஒவ்வொரு சாதனமாக மாட்டிப் பாருங்கள். கெட்டில், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் போன்ற சூடாக்கும் கம்பி உள்ளவைதான் வழக்கமான குற்றவாளிகள், கம்பிக்குள் ஈரம் ஏறியிருக்கும். எல்லாம் பிடுங்கியும் ஆர்சிடி நிற்காவிட்டால் அது எலெக்ட்ரீஷியன் வேலை, கை வைக்காதீர்கள்.

பிளக் அடாப்டர் முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டேஜை மாற்றாது. சாதனத்தின் அடியில் 100–240 என்று இல்லாவிட்டால் வேறு வோல்டேஜ் உள்ள நாட்டில் அதைச் செருகாதீர்கள். அந்த லேபிளைப் படிக்க பத்து விநாடி போதும்.

தண்ணீர் ஒழுகினால் செய்ய வேண்டியது சின்ன வேலை, ஆனால் இருட்டில் தேடிச் செய்ய முடியாது. குடிபுகுந்த வாரமே மெயின் வால்வைக் கண்டுபிடியுங்கள். சிங்க்குக்குக் கீழோ, மீட்டர் பக்கத்திலோ, வெளிவராந்தாவிலோ இருக்கும். நெம்பு கைப்பிடி உள்ள வால்வு பைப்புக்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, பைப்போடு நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது. சக்கரக் கைப்பிடியானால் வலப்பக்கம் சுற்றி மூடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறக்காவிட்டால் இறுகிப் போகும். மூடியபின் தாழ்வாக உள்ள குழாயைத் திறந்துவிட்டால் பைப்பில் மிச்சமிருப்பது வடிந்துவிடும். சீலிங் லைட் பக்கம் தண்ணீர் வந்தால் சுவிட்சைத் தொடாமல் போர்டிலேயே அணையுங்கள். துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். காய்ந்துபோன தரையின் படத்தை வைத்து எந்த இன்சூரன்ஸிலும் வாதாட முடியாது.

பாஸ்போர்ட் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தொலைந்ததாகப் புகார் கொடுத்த பாஸ்போர்ட்டின் எண், தொலைந்த ஆவணங்களுக்கான இன்டர்போல் தரவுத்தளத்துக்குப் போகக்கூடும். மறுவாரம் கோட் பாக்கெட்டில் கிடைத்தாலும் அதில் பயணம் செய்யாதீர்கள், எல்லையில் மடக்குவார்கள். அதனால் முதலில் வீட்டை ஒரு தடவை நன்றாகக் கவிழ்த்துத் தேடிவிட்டுப் போங்கள். ஆனால் தேடுவதாகச் சொல்லி வாரக்கணக்கில் தள்ளவும் கூடாது. தூதரகத்தில் கிடைக்கும் அவசரப் பயண ஆவணம் பல நேரம் சொந்த நாட்டுக்குப் போக மட்டும்தான். திரும்பி வர விசா அல்லது குடியிருப்பு அனுமதி தனி வேலை, தனி அலுவலகம். டிக்கெட் போடும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அலுவலகத்தோடு பேசினாலும் தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் நான்கையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். போனை வைத்த கையோடு ‘இன்று பேசியதன்படி நீங்கள் இதைச் செய்வதாகச் சொன்னீர்கள்’ என்று இரண்டு வரி மெயில் போடுங்கள். மொழி தடுமாறினாலும் பரவாயில்லை, மூன்று வாரம் கழித்து அந்த இரண்டு வரிதான் பேசும். ஒரு நாளைக்கு இரண்டு விவகாரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்றாவதில் பொறுமை போய்க் கத்துவோம், கத்தியவர் ஃபைல் அடியில் போகும்.

உதிரிச் சாவி நடந்து போகும் தூரத்தில் இருப்பவரிடம் இருக்கட்டும், அவர் நம்பர் பர்ஸில் காகிதத்தில் இருக்கட்டும். கொடுக்கும் முன் அந்தச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். நகலின் நகலாக வெட்டிய சாவி பூட்டுக்குள் போகும், ஆனால் சில நேரம் திரும்பாது. மூலச் சாவியிலிருந்து வெட்டச் சொல்லுங்கள்.