சிங்கப்பூரின் லோயாங் கோயிலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?
புலம்பெயர்ந்த சீனர்கள் ஊர்க்கோயிலை அப்படியே நகலெடுத்து வைத்தார்கள் என்று இங்கே வந்த சீனக் கோயில்கள் பற்றிய கட்டுரையில் வருகிறதே, அது பாதிதான் சரி. தாய்க்கோயிலின் தூபச் சாம்பலைக் கொண்டுபோய்ப் புதுக் கோயிலில் வைப்பது, கடல் தெய்வம் மாசுவின் சிலையைச் சீனாவிலிருந்து வரவழைத்து 1840இல் சிங்கப்பூரில் ஊர்வலம் விட்டது, இதெல்லாம் வேண்டுமானால் நகல். ஆனால் மலேசியாவில் சாலையோர மரத்தடிச் சிவப்பு மாடங்களைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே டத்தோ கோங் என்ற உள்ளூர்க் காவல் ஆவி மலாய்த் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். ஊதுவத்தி ஏற்றி வெற்றிலை பாக்கு வைப்பவர்கள் சீனர்கள்தான், ஆனால் பன்றி இறைச்சி மட்டும் கூடவே கூடாது, ஏனென்றால் பெரும்பாலும் சாமி முஸ்லிம்! ஊரில் நிலத்தைக் காத்த தெய்வத்தின் வேலையை இங்கே வந்ததும் இந்த மண்ணின் ஆவியிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அப்புறம் சிங்கப்பூர் லோயாங் துவா பெக் கோங் கோயில். 1980களில் கடற்கரையில் யாரோ விட்டுப்போன சிலைகளை நண்பர்கள் சிலர் பொறுக்கி வைத்து ஆரம்பித்தது, இன்று ஒரே கூரைக்குக் கீழ் தாவோ தெய்வங்கள், புத்தர், நம்ம பிள்ளையார், ஒரு டத்தோ சன்னதியும். அதே சிங்கப்பூரில் வாட்டர்லூ தெருவில் கருணைத் தெய்வம் குவான் யின்னைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்துக் கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுவத்தி பிடிக்கிற சீனர்களை எந்த நாளும் பார்க்கலாம். எனக்கு முன்னால் கருத்து எழுதிய ஒருவர் இதெல்லாம் கலப்படம், அசல் சீனாவில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். சரி, அந்த அசல் என்ன ஆனது? சீனாவின் மெய்சோ தீவில் மாசுவின் மூலக்கோயிலே மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியில் இடிபட்டது, பிறகு அது எழுந்து நின்றதில் தைவான் பக்தர்கள் கொடுத்த பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.