மதுரைக்காரர் சொன்ன கதகதப்பு

(கடலூர், மஞ்சக்குப்பம். டிசம்பர் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே தூறல். மருமகள் கையில் போன். மாமனார் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, காபி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறார். 24 டிகிரி. நம் ஊரில் இதற்குப் பெயர் குளிர்.)

மருமகள்: மாமா, தில்லிக்குக் கிளம்ப இன்னும் பதினெட்டு நாள்தான். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் இன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுகிறேன். அளவு சரியில்லை என்றால் திருப்பி அனுப்பி மாற்றவும் நேரம் வேண்டுமே.

மாமனார்: அஞ்சு நாள் இருந்துவிட்டு வருவதற்கு ஸ்வெட்டரா? ரெண்டு சட்டையை ஒன்றுமேல் ஒன்றாகப் போட்டு விட்டால் போதாதா?

மருமகள்: மாதக் கடைசியில் அங்கே விடியற்காலையில் ஏழு, எட்டு டிகிரிதான் இருக்குமாம். உங்கள் பெண்தான் சொன்னாள்.

மாமனார்: அவள் சின்ன வயதிலிருந்தே எதையும் பெரிதாகத்தான் சொல்வாள். எனக்கெல்லாம் குளிரே தெரியாது. (துண்டை இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்.) சரி, பிள்ளைகளுக்காகப் பார். ஆனால் ஜாக்கெட் என்று மட்டும் தேடிவிடாதே.

மருமகள்: ஏன் மாமா?

மாமனார்: நேற்று நானும் என் போனில் தேடினேன். பேரனுக்கு நல்லதாக ஒன்று இருக்கிறதா என்று. ‘ஜாக்கெட்’ என்று தமிழில் அடித்தேன். ஆரி வேலை போட்ட ரவிக்கையாக வந்து கொட்டியது. அதிலிருந்து எதைத் திறந்தாலும் ரவிக்கை விளம்பரம். பஞ்சாங்கம் பார்க்கத் திறந்தால் ராகு காலத்துக்குக் கீழே ஒரு ரவிக்கை. பக்கத்தில் கோயில் தர்மகர்த்தா உட்கார்ந்திருக்கிறார்!

மருமகள்: (சிரிப்பை அடக்கி) இதோ பாருங்கள், தொப்பி வைத்துத் தைத்த ஃப்ளீஸ் ஸ்வெட்டர். விலை 2,099 என்று போட்டு அடித்திருக்கிறான். இப்போது 349.

மாமனார்: 2,099-க்கு எவனாவது வாங்கியிருப்பானா?

மருமகள்: அடிப்பதற்காகவே எழுதிய விலை மாமா. அதை விடுங்கள். 280 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கிறதே, அதுதான் முக்கியம்.

மாமனார்: இதற்கும் ஜி.எஸ்.டி.யா!

மருமகள்: ஜி.எஸ்.எம்.! ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கணக்கு. எண் கூடினால் துணி கனம்.

மாமனார்: அசல் கம்பளிதானே?

மருமகள்: 349-க்கு அசல் கம்பளி எங்கே கிடைக்கும்? ஃப்ளீஸ் என்றால் பாலியெஸ்டர். புசுபுசுவென்று இருக்கும், சீக்கிரம் காயும். உள்ளே தெர்மல் என்கிற குளிர் உள்ளாடை, மேலே இது. நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கும்.

மாமனார்: அப்படியானால் பத்து வயது சைஸ் போடு. வளர்கிற பிள்ளை. நாலு வருஷம் ஓட்டலாம்.

மருமகள்: அவனுக்கு ஆறு வயது. தொளதொளவென்று இருந்தால் காற்று உள்ளே புகுந்து இருக்கிற சூட்டையும் கொண்டுபோய்விடும். அதுவும் போக, நாலு வருஷம் கடலூரில் எங்கே போட்டுக்கொண்டு போவான்? சில்வர் பீச்சுக்கா? உள்ளே தெர்மல் போட இடம் வேண்டும் என்று ஒரு சைஸ்தான் கூட்டலாம்.

(பேரனை நிற்க வைத்து இஞ்சு டேப்பால் மார்பளவு எடுக்கிறார்கள். முதல் தடவை 23. கூச்சத்தில் அவன் நெளிந்ததில் இரண்டாம் தடவை 26. மூன்றாம் தடவைக்குப் பிள்ளை அங்கே இல்லை. 24 என்று முடிவாகிறது.)

மாமனார்: வாங்கினவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்? படி.

மருமகள்: அஞ்சு நட்சத்திரம். ‘சூப்பர் பொருள், பயங்கரக் கதகதப்பு.’ ஊர், மதுரை.

மாமனார்: மதுரையில் பனியன் போட்டாலே கதகதப்பு. அடுத்தது.

மருமகள்: ‘நல்ல சூடு, என் மகன் கழற்ற மறுக்கிறான்.’ வேலூர்.

மாமனார்: வேலூர் வெயிலைப் பற்றி எனக்கே சொல்கிறாயா? தள்ளு, தள்ளு. குளிர் தெரிந்தவன் ஒருத்தன்கூட எழுதவில்லையா?

மருமகள்: இருங்கள்... சிம்லா! ஆனால் ரெண்டு நட்சத்திரம்தான்.

மாமனார்: பார்த்தாயா! குளிர் தாங்கவில்லை, அதானே?

மருமகள்: ‘படத்தில் தொப்பியில் பூனைக் காது இருந்தது. வந்ததில் காது இல்லை. பாப்பா அழுகிறாள்.’

மாமனார்: குளிரைப் பற்றி?

மருமகள்: ஒரு வார்த்தை இல்லை.

மாமனார்: சிம்லாக்காரனுக்குக் காதுதான் குறை என்றால் துணி நல்ல துணிதான். போடு!

மருமகள்: தொப்பியில் நாடா இல்லை, அதுவும் நல்லதுதான். சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். ஸ்வெட்டர் ரெண்டு 698, தெர்மல் ரெண்டு செட் 482. ஆக 1,180. அட, டெலிவரிக்கு 79 ரூபாயாம். 1,499-க்கு வாங்கினால்தான் இலவசம்.

மாமனார்: 79-ஆ? சும்மா கொண்டுவந்து கொடுக்கவா? (கொஞ்ச நேரம் மௌனம். விரல்கள் மட்டும் அசைகின்றன.) ஏன்மா, அந்த 349-இல் இன்னொன்று சேர்த்தால்?

மருமகள்: 1,529 ஆகும். எதற்கு மாமா? ரெண்டு பிள்ளைக்கு மூணு ஸ்வெட்டரா?

மாமனார்: கணக்கைப் பார். டெலிவரியோடு 1,259. இன்னொன்று சேர்த்தால் 1,529. ஆக அந்த ஸ்வெட்டர் நமக்கு 270-தான். இதை விடுவது பாவம்.

மருமகள்: போடுவதற்கு ஆள் வேண்டாமா?

மாமனார்: அது... எத்தனை வயது வரைக்கும் இருக்கிறது என்று சும்மா பாரேன்.

மருமகள்: பதினாலு வயது வரைக்கும். மார்பு 34.

மாமனார்: (தொண்டையைக் கனைத்துக்கொண்டு) தையல்காரர் போன மாதம் எனக்கு அளவு எடுத்தார். 32 என்றார்.

மருமகள்: மாமா! உங்களுக்குப் பெரியவர்கள் பக்கத்திலேயே பார்க்கிறேன்.

மாமனார்: அதில் என்ன விலை?

மருமகள்: 899.

மாமனார்: துணி அதே துணிதானே? பிள்ளைகள் பக்கத்திலேயே இரு.

மருமகள்: ஆனால் இந்த சைஸில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மஞ்சள் கலர். நெஞ்சு முழுக்க டைனோசர். வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

மாமனார்: தொப்பியில் காது?

மருமகள்: காது இல்லை. முதுகில் வால் மாதிரி ஏதோ தைத்திருக்கிறான்.

(மழை கொஞ்சம் வலுக்கிறது. மாமனார் துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடியும் காதோடு சேர்த்துக் கட்டுகிறார்.)

மாமனார்: தில்லியில் என்னை யாருக்குத் தெரியும்? போடு.