குயித்லாவாக் பொழச்சிருந்தா
குயித்லாவாக் பெரியம்மைல சாகாம தப்பிச்சு, ஒடம்பு தேறாமலே கண்பார்வை மங்கிப்போயி பல்லக்குல இருந்தபடியே மெக்சிகோவுல இருந்த ஆஸ்டெக் ராஜ்யத்த இருபது வருஷம் ஆண்டாருன்னு போற இந்த கற்பனை கட்டுரைய படிச்சதும் மனசு கனத்துப்போச்சு. நிஜத்துல அவருக்கு ஆள கெடச்சது சுமார் 80 நாள்தான். 1520 ஜூன் 30 ராத்திரி ஸ்பெயின் தளபதி கோர்டெஸ் படைய ஆஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான்ல இருந்து வெரட்டுனதுக்கு தலைமை தாங்குனவரு, அந்த வருஷக் கடைசியிலயே அம்மைல போயிட்டாரு. ஊரே படுத்துருச்சு, பொரண்டு படுக்கக்கூட முடியாது, லேசா அசைஞ்சாலே அலறுவாங்களாம், சமைச்சு போட ஆளில்லாம பசியிலயே செத்தவங்க எத்தனையோ பேரு.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. ராஜா மட்டும் பொழச்சா பத்தாது, ஆஸ்டெக்குக்கு எதிரியா இருந்த பக்கத்து நாட்டு ட்லாஸ்கலாகாரங்க ஸ்பெயின் பக்கம் நின்னாங்களே, அந்த பழைய பகைய இவரு எப்படி தீர்த்தாருன்னு கட்டுரைல ஒரு வரிகூட இல்ல. மேற்க இருந்த புரெபெச்சா ராஜ்யத்துக்கு ஒதவி கேட்டு தூது போச்சு, அங்கயும் ராஜா சுவாங்குவா அம்மைலதான் செத்தாரு. படுக்கைல கெடந்தபடியே குயித்லாவாக் புரெபெச்சாவோட அந்த கூட்டணிய முடிச்சிருந்தா 1521 ஆகஸ்ட் 13ல நகரம் விழுந்திருக்காதுன்னு நான் உறுதியா நம்புறேன். அடுத்த பகுதில அத எழுதுங்க ப்ளீஸ்.