மேகமலையின் வாலில்லா வௌவால்
உங்கள் கட்டுரையில் சலீம் அலி பழந்தின்னி வௌவாலை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், மனசு கேட்கவில்லை. 1948இல் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் மேகமலையில் பிடித்ததை, சாதாரணப் பழந்தின்னி என்றே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் எடுத்து வைத்துவிட்டார்கள். 1972இல்தான் தாய்லாந்தின் விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா உற்றுப் பார்த்து, வால் இல்லாத இது தனிப் பேரினம் என்றார். மற்ற பழந்தின்னிகளை எலி, காகத்தோடு தொல்லை உயிரிகளாக வைத்திருந்த நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே இதற்கு, உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இடம் கொடுத்தது.

சின்னமனூரில் எங்கள் கொய்யா மரத்தடியில் வௌவால்கள் மென்று துப்பிய சக்கையைத் தினமும் காலையில் அம்மா கூட்டித் தள்ளுவார். ஊர் வௌவால் அப்படிப் பிழைத்துக்கொள்ளும். சரி, இதற்கு? காட்டு அத்தியும் பகலில் தொங்க ஆள் நுழையாத குகையும் வேண்டுமே. தோட்டத்துக்காக அந்த மரங்களை வெட்டினால் எங்கே போகும்?