கைதட்ட என்ன அவசரம்?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள செம்பர் ஆப்பெரா அரங்கில், இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாவது சிம்பொனி. கிட்டத்தட்ட 80 நிமிடம். கடைசிப் பக்கத்தில் ஊதுகருவிகள் எல்லாம் ஓய்ந்துவிடும். தந்திக்கருவிகள் மட்டும், அதுவும் ஒலியை அடக்கும் 'மியூட்' பொருத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். 'உயிர் அடங்குவதுபோல' என்று மாலரே அங்கே குறித்துவைத்திருக்கிறார். வில் நரம்பின் மேல் நகர்கிறதா நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை. மூச்சுவிடவும் தயங்கி உட்கார்ந்திருந்தேன்.

இசை நடத்துநரின் கை இன்னும் இறங்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு 'பிராவோ!' கூடவே படபடவென்று கைதட்டல். அவ்வளவுதான், போயிற்று.

வயிறு எரிந்தது. முடிந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவருக்குப் பரிசா கொடுக்கப் போகிறார்கள்? அந்த மௌனமும் இசைதான் ஐயா! கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்த பக்கத்து இருக்கைப் பெண்மணி, அதை அப்படியே மடியில் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு தட்டத் தொடங்கினார்.

இத்தனைக்கும் மௌனத்தின் அருமை தெரிந்த ஊர் இது. 1945 பிப்ரவரி 13 இரவு குண்டுவீச்சில் சிதைந்த அரங்கை, சரியாக 40 ஆண்டு கழித்து அதே தேதியில்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த நாளின் நினைவுக் கச்சேரியில் யாரும் கைதட்டுவதில்லை. அமைதி காத்துவிட்டுக் கலைந்துபோகிறார்கள்.

மற்ற நாட்களில் பத்து விநாடி கேட்டால் அதிகமா? அந்தக் கை இறங்கட்டும். பிறகு உள்ளங்கை சிவக்கத் தட்டுங்கள், நானும் தட்டுகிறேன்.